பின்தொடரும் டிரோன் எங்கே சறுக்குகிறது

ஓடும் காரையோ சைக்கிளையோ கேமராவால் பார்த்துப் பின்தொடரும் டிரோனை முதன்முதலில் கட்டுபவர்கள், ஏறக்குறைய ஒரே வரிசையில் ஒரே தவறுகளைச் செய்கிறார்கள். காம்பஸ் காலிபிரேஷனை விட்டுவிடுவது, ப்ரொப்பெல்லரைத் தலைகீழாக மாட்டுவது போன்றவை இங்கே இல்லை. அவை கிளம்பும்போதே தெரிந்துவிடும். மேசையில் ஒழுங்காக ஓடி, வானில் மட்டும் பல்லை இளிப்பவையே இவை.

பழைய படத்துக்குப் புதிய கோணம்

பழைய படத்தோடு டிரோனின் புதிய கோணத்தைச் சேர்ப்பதுதான் முதல் தவறு. இதில் எரிச்சல் என்னவென்றால், பழி எப்போதும் பிஐடி (பிழையைப் பார்த்து டிரோனைத் திருப்பும் கட்டுப்பாட்டுக் கணக்கு) மேல்தான் விழும். டிரோன் நேராகப் போகும்வரை பிசகில்லை. திரும்பத் தொடங்கியதும் மூக்கு இடமும் வலமுமாக ஆடும், ஆட்டம் கூடிக்கொண்டே போகும். உடனே அதன் பி மதிப்பைக் (திருத்தத்தின் வலுவை) குறைப்பார்கள். ஆட்டம் அடங்கும், வளைவில் கார் நழுவிவிடும். மறுபடி கூட்டுவார்கள். பிறகு படத்தில் இலக்கைக் கண்டுபிடிக்கும் டிடெக்டரை மாற்றுவார்கள், அப்புறம் கேமராவை. மாணவர் குழு என்றால் செமஸ்டரே இதில் போய்விடும்.

கோளாறு நேரத்தில் இருக்கிறது. கேமரா ஒளியைப் பிடித்த கணத்திலிருந்து யோலோ என்ற டிடெக்டர் இலக்கைச் சுற்றிப் பெட்டி போட்டு முடிப்பதற்குள் 100 மில்லிவினாடி கழிவது சாதாரணம். அந்தப் பெட்டியின் பிக்சலைத் திசையாக மாற்ற டிரோனின் யா (இடவலத் திருப்பம்), பிட்ச் (முன்பின் சாய்வு), ரோல் (பக்கச் சாய்வு) தேவை. இம்மூன்றும் சேர்ந்ததே ஆட்டிட்யூட். கோடிலோ 'கடைசியாக வந்த ஆட்டிட்யூட்' என்று எழுதி வைத்திருப்பார்கள். வினாடிக்கு 60 டிகிரி திரும்பும் டிரோன் அந்த 100 மில்லிவினாடியில் 6 டிகிரி திரும்பிவிடுகிறது. 20 மீட்டர் தள்ளிச் சும்மா நிற்கும் கார், 2.1 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்ததாகக் கணக்கு வரும். அளவீடுகளிலிருந்து இலக்கின் இடத்தையும் வேகத்தையும் கணிக்கும் கால்மன் ஃபில்டர் அதை நம்பி, நிற்கும் காருக்கு ஒரு வேகத்தையும் கொடுத்துவிடும். டிரோன் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதே பக்கம் கார் போவதாகத் தெரிவதால், இன்னும் திரும்பும். ஆட்டம் இப்படித்தான் பிறக்கிறது. எத்தனை டியூனிங் செய்தாலும் தீராது.

சரிசெய்ய வேண்டியது இந்த வரிசையில். முதலில் டைம்ஸ்டாம்ப்: ஃபிரேம் கைக்கு வந்தபின் கடிகாரம் பார்க்கக் கூடாது, வி4எல்2 (லினக்ஸின் கேமரா இடைமுகம்) பஃபரோடு வரும் நேரத்தையே எடுக்க வேண்டும். அது பெரும்பாலும் மோனோடோனிக் (பின்னோக்கிப் போகாத) கடிகார நேரம். பைத்தானின் சாதாரண டைம் தருவது வேறு கடிகாரம், இரண்டையும் கழித்தால் குப்பைதான் வரும். ஃப்ளைட் கண்ட்ரோலரோ தான் பூட் ஆனதிலிருந்து எண்ணுகிறது. அதை மேவ்லிங்க்கின் (டிரோனோடு பேசும் செய்தி நெறிமுறை) டைம்சிங்க் செய்தியால் இணைக்க வேண்டும்.

அடுத்து, ஆட்டிட்யூட் செய்தியை 50 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, கடைசி ஒரு வினாடிக்கானவற்றை ஒரு பஃபரில் வைத்துக்கொள்ளுங்கள். படம் பிடித்த கணத்துக்கான கோணத்தை முன்பின் மதிப்புகளிலிருந்து கணக்கிடுங்கள், அதையும் குவாட்டர்னியனில் (திருப்பத்தை நான்கு எண்களால் குறிக்கும் முறை). யா 359-லிருந்து 1-க்குத் தாண்டும்போது வெறும் சராசரி போட்டால் 180 என்று வந்து நிற்கும். ராஸ் (ரோபோ மென்பொருள் தளம்) பயன்படுத்துபவர்கள், அதில் கோண, நிலை மாற்றங்களைக் காத்துவைக்கும் டிஎஃப்-இடம் 'லேட்டஸ்ட்' கேட்காமல், படத்தின் ஹெடரில் உள்ள நேரத்தைக் கொடுத்துக் கேட்டாலே போதும்.

மிச்சமுள்ள நிலையான தாமதத்தை அளந்துதான் அறிய முடியும். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, சுவரொட்டிகள் நிறைந்த சுவரைப் பார்த்து டிரோனைக் கையில் பிடித்து 30 வினாடி இடவலமாகத் திருப்புங்கள். ஜைரோ (திரும்பும் வேகத்தை அளக்கும் சென்சார்) தரும் யா வேகத்தையும் ஆப்டிகல் ஃப்ளோ (படத்தில் பிக்சல்கள் நகரும் கணக்கு) தரும் கிடைமட்ட வேகத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டு, ஒன்றை எவ்வளவு நகர்த்தினால் மற்றதோடு பொருந்துகிறது என்று பாருங்கள். அதுதான் தாமதம். எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு அளக்கவும். ஆட்டோவில் விட்டால் மாலை வெளிச்சத்தில் எக்ஸ்போஷர் நீண்டு, அளந்த எண் மாறிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகே இலக்கின் நகர்வை முன்கணிக்க வேண்டும். வினாடிக்கு 10 மீட்டரில் போகும் கார் 100 மில்லிவினாடியில் 1 மீட்டர் போயிருக்கும் அல்லவா? பலர் இதை மட்டும் செய்துவிட்டுத் தாமதத்தைச் சரிக்கட்டியாகிவிட்டது என்கிறார்கள். இல்லை. சோதனை எளிது: ஹோவரில் (வானில் ஒரே இடத்தில்) நிறுத்தி, அசையாத ஒரு பொருளைப் பார்த்தபடி யாவை மட்டும் இடவலமாக ஆட்டுங்கள். பொருளின் கணக்கிட்ட இடம் லாகில் (பறத்தல் பதிவில்) யாவோடு சேர்ந்து ஆடினால், இன்னும் சரியாகவில்லை.

ஃபிரேம்கள் வரிசை கட்டி நிற்பது

கேமரா 30 எஃப்பிஎஸ், டிடெக்டர் 15 என்றால் மிச்சம் பஃபரில் சேரும், பார்க்கும் படம் பழசாகிவிடும். ஜிஸ்ட்ரீமர் (வீடியோவைக் கடத்தும் மென்பொருள்) ஆப்சிங்கில் மேக்ஸ்-பஃபர்ஸ் 1, டிராப் ட்ரூ என்று வையுங்கள், பழைய படம் தேங்காது.

தாழப் பறந்து தூரம் கணிப்பது

தரை சமம் என்று வைத்துக்கொண்டு, உயரத்தையும் பார்வைக் கோணத்தையும் வைத்துத் தூரம் காண்பது நல்ல வழிதான். ஆனால் 10 மீட்டர் உயரத்தில், கிடைக்கோட்டுக்குக் கீழே 20 டிகிரியில் தெரியும் இலக்குக்கு 1 டிகிரி பிட்ச் பிழை 1.6 மீட்டர் பிசகைத் தரும். 5 டிகிரியில் தெரியும் இலக்குக்கு அதே 1 டிகிரி 29 மீட்டரைத் தரும். 15 டிகிரிக்குக் கீழே இந்தக் கணக்கை நம்பாமல், உயரத்தைக் கூட்டுவதே மேல்.

640-க்குச் சுருக்குவது

80 டிகிரி கிடைமட்டப் பார்வை உள்ள 1080பி கேமராவில், 60 மீட்டர் தள்ளி நிற்கும் ஆள் சுமார் 32 பிக்சல் உயரம். படத்தை 640 அகலத்துக்குச் சுருக்கினால் 11தான், டிடெக்டருக்குப் போதாது. சுருக்காமல், படத்தைத் துண்டுகளாக வெட்டி ஓட்டுங்கள். மாடலையும் கோகோ என்ற பொதுப் படத் தொகுப்போடு விடாமல், விஸ்ட்ரோன் போன்ற வான்படத் தொகுப்பில் மறுபயிற்சி கொடுங்கள்.

மரத்தடியில் கற்றுக்கொள்வது

இலக்கு மரத்துக்குப் பின்னால் போனதும் கேசிஎஃப் (இலக்கின் தோற்றத்தை ஃபிரேமுக்கு ஃபிரேம் கற்றுக்கொள்ளும் டிராக்கர்) மரத்தையே இலக்காகப் படித்துக்கொள்ளும். பொருத்த மதிப்பெண் விழுந்ததும் அப்டேட்டை நிறுத்தி, கால்மன் கணிப்பில் மட்டும் 2 வினாடி ஓட்டுங்கள். பிறகும் கிடைக்காவிட்டால் ஹோவர்.

இசட் குறி

என்இடி-யில் (வடக்கு, கிழக்கு, கீழ் என்ற அச்சு முறை) இசட்டுக்குக் கீழ்நோக்கித்தான் பிளஸ். மேலே ஏற +1 கொடுத்தால் தரை வரும்.

ப்ரோக்ராம் செத்தால் என்ன ஆகும் என்று பார்க்காதது

பிஎக்ஸ்4, ஆர்டுகாப்டர் இரண்டும் ஃப்ளைட் கண்ட்ரோலர் மென்பொருள்கள். வெளிக் கணினியின் கட்டளையில் பறக்கும் பிஎக்ஸ்4-இன் ஆஃப்போர்டு முறை வினாடிக்கு 2 கட்டளையாவது கேட்கும். நின்றால் ஃபெயில்சேஃபுக்குப் (அவசரப் பாதுகாப்பு முறைக்கு) போகும். ஆர்டுகாப்டரில் அதைப் போன்ற கைடட் முறை, கடைசியாகக் கொடுத்த வேகத்தை இயல்பு அமைப்பில் 3 வினாடி பிடித்துக்கொண்டிருக்கும். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் அது 24 மீட்டர். டிராக்கரிலிருந்து தனியான ஒரு ப்ராசஸை வைத்து, அரை வினாடி புதிய பெட்டியோ கணிப்போ வராவிட்டால் சுழிய வேகம் அனுப்பச் செய்யுங்கள். முதல் பறத்தலுக்கு முன்பே, சிமுலேட்டரில் டிராக்கரை வேண்டுமென்றே கொன்று பாருங்கள்.