ஓடும் சர்வரில் பேக்கப் பாதியில் நிற்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் சர்வரைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களின் பேக்கப் ஸ்கிரிப்ட்களில் ஒரே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பாதையைத் தப்பாகக் கொடுப்பது, டிஸ்க்கில் இடம் பார்க்காதது எல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடலாம்.

நின்றதைக் கொன்றுவிட்டு மறுபடி ஓட்டுவது

ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் பேக்கப்பின் நிலை 'டி' என்றிருந்தால் அந்த ப்ராசஸ் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப்பகுதி) காத்திருக்கிறது. வலுக்கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9 கொடுத்தாலும் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பு முடியும்வரை சாகாது. இன்னொன்றைத் தொடங்கினால் அதுவும் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். ப்ராக் கோப்பகத்தில் அந்த ப்ராசஸின் எண்ணுக்குக் கீழே இருக்கும் ஸ்டாக் கோப்பை ரூட் பயனராகத் திறங்கள். எதில் நிற்கிறது என்பது அங்கே தெரியும்.

எல்விஎம் ஸ்னாப்ஷாட்டுக்கு முன்னால் கையால் உறையவைப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இது தேவையே இல்லாத வேலை. எல்விஎம் என்பது லினக்ஸில் டிஸ்க் பகுதிகளை நிர்வகிக்கும் அமைப்பு, ஸ்னாப்ஷாட் என்பது ஒரு பகுதியின் அந்தக் கணத்து நகல். அதை எடுக்கும் கணத்தில் எல்விஎம் தானே கோப்பு முறைமையை உறையவைத்து (எழுதுவதை நிறுத்திவைத்து), எடுத்ததும் விடுவித்துவிடும். பாதுகாப்புக்கு இருக்கட்டுமே என்று எஃப்எஸ்ஃப்ரீஸ் மைனஸ் எஃப் கொடுத்து ரூட் பகுதியை உறையவைத்துவிட்டு, அடுத்த வரியில் ஸ்னாப்ஷாட்டை உருவாக்கும் எல்விகிரியேட்டை அழைக்கிறார்கள். எல்விகிரியேட்டோ முதலில் பழைய மெட்டாடேட்டாவின் (பகுதிகளின் அமைப்பு விவரங்கள்) நகலை ஈடிசிக்குக் கீழே எல்விஎம் கோப்பகத்தில் எழுதப் பார்க்கும். அது இருப்பது உறைந்த அதே ரூட்டில். எழுத முடியாமல் நிற்கும். விடுவிக்கும் மைனஸ் யூ வரி அதற்குக் கீழே இருப்பதால் ஒருநாளும் ஓடாது.

படிப்பது மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். பிங் பதில் தரும், இணையப் பக்கங்கள்கூட வரலாம். எஸ்எஸ்எச்சில் நுழைந்தால் உள்நுழைவைப் பதிவு செய்ய முடியாமல் அங்கேயே தொங்கும். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து பவரை அணைத்துப் போடுகிறார்கள். உறைவு மறுதொடக்கத்தில் போய்விடுவதால் சர்வர் நன்றாக எழும்பும். எழுதக் காத்திருந்த தரவு மட்டும் போய்விடும். மறுநாள் இரவு அதே நேரத்தில் மறுபடி அதே கதை.

திறந்திருக்கும் ரூட் டெர்மினல் ஒன்று இருந்தால் எஃப்எஸ்ஃப்ரீஸ் மைனஸ் யூ கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் ப்ராக்கில் உள்ள சிஸ்ஆர்க்யூ ட்ரிகர் கோப்புக்கு 'ஜே' என்ற எழுத்தை எக்கோ செய்யுங்கள். உறைந்தவை அனைத்தும் விடுபடும்.

எல்விஎம் இல்லாமல் சேமிப்பகக் கருவியே ஸ்னாப்ஷாட் எடுக்கும் இடங்களில் கையால் உறையவைப்பது தேவைதான். அப்போது தரவுப் பகுதியை மட்டும் உறையவையுங்கள், லாக்கை வேறு பகுதியில் எழுதுங்கள். உறையவைக்கும் முன்பே, 30 விநாடி கழித்து விடுவிக்கும் கட்டளையைப் பின்னணியில் ஓடவிடுங்கள். ஸ்கிரிப்ட் நிறுத்தப்பட்டால் விடுவிக்கட்டும் என்று எழுதும் ட்ராப் வரியை நம்பாதீர்கள்: முன்னால் ஓடும் கட்டளை டி நிலையில் இருக்கும்வரை ஸ்கிரிப்டை ஓட்டும் பேஷ் அதற்காகக் காத்திருக்கும், ட்ராப் ஓடாது.

என்எஃப்எஸ் மவுண்ட்டுக்குள் நுழைவது

என்எஃப்எஸ் என்பது இன்னொரு சர்வரின் கோப்பகத்தை நெட்வொர்க் வழியே இணைப்பது. அதில் பதில் வரும்வரை விடாமல் காத்திருக்கும் ஹார்ட் மவுண்ட்தான் இயல்பு அமைப்பு. எதிர்முனை சர்வர் செத்திருந்தால் பேக்கப் முடிவில்லாமல் காத்திருக்கும். டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையும் கூடவே நிற்கும். பேக்கப் அதற்குள் நுழையாமலிருக்க ஆர்சிங்க்குக்கு மைனஸ் எக்ஸ், டாருக்கு ஒன் ஃபைல் சிஸ்டம் என்ற தெரிவைக் கொடுங்கள். ப்ராக்குக்குள் போவதையும் இதுவே தடுக்கும். அங்கே நினைவகத்தைக் கோப்பாகக் காட்டும் கேகோர், இன்டெல், ஏஎம்டி 64 பிட் இயந்திரங்களில் தன் அளவை 128 டெராபைட் என்று காட்டும்.

ஸ்னாப்ஷாட்டுக்கு இடம் போதாமை

ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் அது செல்லாது. எல்விஎஸ் கட்டளையில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள்.

எக்ஸ்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் மவுண்ட் ஆகவில்லையா

மவுண்ட் கட்டளையில் நோயூயூஐடி என்ற தெரிவைக் கொடுங்கள். கோப்பு முறைமையின் அடையாள எண்ணைச் சரிபார்ப்பதை அது தவிர்க்கும்.

போஸ்ட்கிரஸ் பேக்கப் தொடக்கத்திலேயே நிற்பது

இந்தத் தரவுத்தளத்தின் பேக்கப் பெரும்பாலும் தொங்கவில்லை, செக்பாயின்ட்டுக்குக் (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிப்பது) காத்திருக்கிறது. பதிப்பு 14 முதல் இயல்பு அமைப்பில் நாலரை நிமிடம் வரை ஆகலாம். செக்பாயின்ட்டை ஃபாஸ்ட் என்று கொடுத்தால் உடனே தொடங்கும், அந்தச் சில விநாடிகள் டிஸ்க் திணறும்.