ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் வேலூரில் வேலைக்குப் போவது: புதியவர்களுக்கான செய்முறை

ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். மிதிப்பதை நிறுத்திவிட்டு உருண்டு போக முடியாது. நாம் சிறுவயதிலிருந்து ஓட்டிய சைக்கிள்களில் பின்சக்கரத்தில் பிரீவீல் இருப்பதால் காலுக்கு ஓய்வு கிடைக்கிறது. இதில் பல்சக்கரம் சக்கரத்தோடு நேராக இறுக்கப்பட்டிருக்கிறது. பிரீவீல் பரவலானது 1900-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் பெரும்பாலான சைக்கிள்கள் இப்படியே ஓடின. பந்தயத் தடங்களில் இன்றும் இந்த வகைதான், அங்கே பிரேக்கும் கிடையாது.

வேலூர் இதற்கு ஏற்ற ஊர் என்று உறுதியாகச் சொல்வேன். சுற்றிலும் மலைகள் நின்றாலும் தினசரி போகவரும் சாலைகள் பெரும்பாலும் சமதளம். காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து பழைய பேருந்து நிலையம்வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர். அதில் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் என்றால் மேம்பாலம் ஒன்றுதான். கியர் மாற்றும் கம்பிகளும் பற்களும் இல்லாததால் கெட்டுப்போக அதிகம் எதுவுமில்லை. ஊர்ந்து போகும் நெரிசலில் காலாலேயே வேகத்தை நூல் பிடித்ததுபோல் கட்டுப்படுத்தலாம். ஆனால் இதெல்லாம் சைக்கிளைச் சரியாக அமைத்த பிறகுதான். அமைப்பதற்கு முன் சாலையில் இறங்க வேண்டாம்.

முதல் படி: பின்சக்கரத்தைப் பாருங்கள்

சைக்கிள் வாங்கும்போது நிறத்தையும் ஹேண்டில்பாரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பின்சக்கரத்தின் நடுக்குடத்தை (ஹப்) பாருங்கள். அதில் இரண்டு மரைகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். பெரிய மரையில் பல்சக்கரம் வலப்பக்கமாக முறுக்கி ஏறும். அதற்கு வெளியே சற்றுச் சிறிய மரையில் ஒரு பூட்டுவளையம் இடப்பக்கமாக முறுக்கி இறுகும். சைக்கிளின் இடது பெடல் எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் இறுகும் என்பது எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும். அதே இடது மரைதான் இதுவும். காலால் பின்னோக்கி அழுத்தி வேகம் குறைக்கும்போது பல்சக்கரம் கழன்றுவரப் பார்க்கும். அந்த நேரத்தில் அதைத் தடுத்து நிறுத்துவது இந்த வளையம் மட்டுமே.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சாதாரண சைக்கிளின் பிரீவீலை வெல்டிங் வைத்து ஃபிக்ஸட் ஆக்கித் தருவதாகச் சொல்லும் கைவேலை எல்லா ஊரிலும் உண்டு. செலவு குறைவு, பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் சாதாரண சக்கரக் குடத்தில் இடது மரை இல்லை. வெல்டிங் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பின்னோக்கி அழுத்தும்போது பிரீவீல் முழுதாகக் கழன்று சுழலும், கால் காற்றில் மிதிக்கும். பேருந்துக்குப் பின்னால் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய சைக்கிளை மாற்றுவதாக இருந்தால் இரட்டை மரை உள்ள குடத்தை வாங்கி, புது ஸ்போக் கட்டிச் சக்கரத்தையே மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்கவடு (ஃபோர்க்). பிரேக் பொருத்தும் துளை அதில் இருக்க வேண்டும். துளை இல்லாத பந்தயக் கவடு உள்ள சைக்கிளை வாங்கவே வேண்டாம். வேகம் குறையும்போது உடல் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரத்தின் பிடி குறைகிறது. எனவே கால்வலுவால் மட்டும் நிற்க அதிக தூரம் தேவைப்படும். குறுகிய தூரத்தில் நிறுத்துவது முன்பிரேக்தான். பிரேக் இல்லாமல் ஓட்டுவதை வீரம் என்று கருதுபவர்கள் இருக்கிறார்கள். பந்தயத் தடத்தில் ஷேர் ஆட்டோ குறுக்கே வராது. வேலூரின் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் வரும்.

டயர் குறைந்தது 28 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும்; சட்டகத்தில் இடமிருந்தால் 32. மெல்லிய டயரில் நம் சாலைப் பள்ளங்கள் ரிம்மைக் கடித்துவிடும். பெடலைத் தாங்கும் கையான கிராங்க் 165 மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் நல்லது. வளைவில் சாயும்போதும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் நீண்ட கிராங்க் தரையில் இடிக்கும்.

இரண்டாம் படி: பற்களைக் கணக்கிடுங்கள்

முன் பல்சக்கரத்திலுள்ள பற்களின் எண்ணிக்கையைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்தால் வருவதுதான் உங்கள் கியர். கடையில் பெரும்பாலும் 46-க்கு 16 போன்ற கனமான அமைப்புடன் தருவார்கள். புதியவருக்கு அது வேண்டாம். 44-க்கு 18 என்று தொடங்குங்கள். அதன் விகிதம் ஏறத்தாழ 2.44. சாதாரண 700சி அளவுச் சக்கரத்தில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் 5.2 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 25 கிலோமீட்டர். ஊருக்குள் அதற்குமேல் எதற்கு? விகிதம் சிறியதாக இருந்தால் நிற்கும் இடத்திலிருந்து கிளம்புவதும் எளிது, பின்னோக்கி அழுத்தி வேகத்தைக் குறைப்பதும் எளிது. முழங்காலும் தப்பிக்கும்.

பல்லைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காலைப் பூட்டிப் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு நிறுத்தும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்போது டயரில் எத்தனை இடங்கள் தேயும் என்பது இந்த இரு எண்களைப் பொறுத்தது. 48-க்கு 16 என்றால் சுருக்கினால் மூன்றுக்கு ஒன்று. ஒரே காலை முன்வைத்துச் சறுக்கும்போதெல்லாம் டயரின் அதே இடம்தான் தரையில் உரசும், சீக்கிரமே ஓட்டை விழும். 44-க்கு 18 சுருங்கி 22-க்கு 9 ஆகும். தேய்மானம் ஒன்பது இடங்களில் பகிர்ந்துகொள்ளப்படும். புதியவர் சறுக்கிப் பழகவே தேவையில்லை என்பது என் கருத்து. பிரேக் இருக்கிறதே.

மூன்றாம் படி: செயின்

பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துத்தான் செயினை இறுக்க வேண்டும். அச்சின் நட்டுகளுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் தேவை. அதை எப்போதும் பையில் வைத்திருங்கள். அது இல்லாமல் பஞ்சர்கூட ஒட்ட முடியாது. செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தமாக அரை அங்குலம் அசைய வேண்டும். பெடலை மெல்லச் சுற்றிப் பல இடங்களில் அசைத்துப் பாருங்கள், ஏனென்றால் முன் பல்சக்கரம் முழு வட்டமாக அமைவது அரிது. மிக இறுக்கமான இடத்திலும் சிறிது தளர்வு இருக்க வேண்டும். மிகத் தளர்ந்தால் செயின் கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும். சாதாரண சைக்கிளில் செயின் கழன்றால் கையில் கறை படும், அவ்வளவுதான். இதில் ஆளே விழுவார்.

ஓடும் செயினைத் தொடவே கூடாது. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, துணியால் செயினைத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். துணி சிக்கினால் விரலும் சேர்ந்து பல்லுக்குள் போகும், சக்கரம் நிற்காது. எண்ணெய் விடும்போது பெடலைக் கையால் சிறிது சிறிதாகத் தள்ளி நிறுத்தி, நின்ற பிறகே செயினில் கை வையுங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் சைக்கிளை அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் நிறுத்துங்கள்.

உடையிலும் இதே கவனம் வேண்டும். வேட்டி, லுங்கி, தளர்ந்த பைஜாமா, தொங்கும் துப்பட்டா எதுவும் ஆகாது. ஷூ நாடாவைக் கட்டி, மீதியை உள்ளே செருகிவிடுங்கள். வலது கால்சட்டையை மடித்துப் பட்டையால் கட்டுங்கள்.

நான்காம் படி: காலைப் பழக்குதல்

காந்தி நகரின் குறுக்குத் தெருக்கள் போல் அமைதியான இடத்தை விடியற்காலையில் தேர்ந்தெடுங்கள். சீட் உயரத்தை வழக்கம்போலவே வையுங்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிகால் வைத்தால் கால் நேராக நீள வேண்டும்.

கிளம்பும் முன் பெடல் வசதியான இடத்தில் இருக்காது, பின்னோக்கிச் சுற்றியும் சரிசெய்ய முடியாது. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னோக்கித் தள்ளினால் பின்சக்கரம் சற்றுத் தூக்கும். அப்போது காலால் பெடலைக் கடிகார முள்ளின் இரண்டு மணி நிலைக்குக் கொண்டுவாருங்கள். இனி ஏறி மிதிக்கலாம்.

முதலில் வரும் ஆபத்து உங்கள் பழைய பழக்கம்தான். பத்துப் பதினைந்து மிதிக்குப் பிறகு கால் தானாக ஓய்வெடுக்கப் பார்க்கும். உடனே பெடல் உங்களைத் தூக்கிவிடும். பயப்பட வேண்டாம்; காலைத் தளர்வாக விட்டுப் பெடலோடு சுற்றவிடுங்கள். வேகம் குறைக்க, மேலேறி வரும் பெடலை மெதுவாக எதிர்த்து அழுத்துங்கள். நிற்க, கையால் பிரேக்கும் காலால் எதிர்ப்பும் சேர வேண்டும். தரையில் ஊன்றப்போகும் கால் மேலே வரும் நேரத்தைப் பார்த்து அதைப் பெடலிலிருந்து எடுத்து ஊன்றுங்கள்.

பெடலில் கால் நழுவாமல் இருக்கப் பட்டை தேவை. நழுவினால் சுற்றும் பெடல் கெண்டைக்காலைக் கிழிக்கும். ஆனால் முதல் சில நாட்கள் பட்டையைத் தளர்வாகவே வையுங்கள், கால் வெளியே வரும் வழி பழக வேண்டும்.

வேகத்தடைதான் மிகவும் பயிற்சி தேவைப்படுவது. நம் ஊரில் பல வேகத்தடைகளுக்கு வண்ணமும் இருக்காது, பலகையும் இருக்காது. சீட்டிலிருந்து சற்று எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, மிதித்தபடியே ஏறி இறங்க வேண்டும். பெடல் இரண்டும் கிடைமட்டமாக வரும் நேரத்தில் ஏறினால் பெடல் இடிக்காது. இது பழகும்வரை கவனித்து மிக மெதுவாகவே கடந்து செல்லுங்கள்.

ஐந்தாம் படி: சாலையில்

முதல் முறை ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்வாருங்கள். காட்பாடி பக்கமிருந்து வந்தால் விருதம்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலம். ஆற்றில் பெரும்பாலும் மணல்தான், தடுப்பு எதுவும் இல்லாததால் காற்று நேராக அடிக்கும். கியர் உள்ள சைக்கிளில் எதிர்க்காற்று வந்தால் கியர் மாற்றலாம். இதில் குனிந்து, மெதுவாக, ஒரே சீராக மிதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்காகத்தான் சின்ன விகிதம்.

பாலம் தாண்டியதும் புதிய பேருந்து நிலையமும் கிரீன் சர்க்கிளும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் போக்குவரத்து இங்கே கலக்கிறது. முதல் வாரங்களில் இங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே சரி. சிஎம்சி மருத்துவமனை எதிரிலுள்ள இடா ஸ்கடர் சாலையிலும் அப்படியே செய்யுங்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் கையில் மருத்துவக் கோப்போடு, நம் ஊர்ப் போக்குவரத்து பழகாமல் சாலையைக் கடப்பார்கள். நோயாளியின் மேல் சைக்கிள் மோதக்கூடாது.

மேம்பாலத்தில் ஏறுவதைவிட இறங்குவது கடினம். சைக்கிள் வேகம் பிடிக்கப் பிடிக்க பெடலும் வேகம் பிடிக்கும். 44-க்கு 18-இல் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் கால் நிமிடத்துக்கு 128 சுற்று போக வேண்டும், புதியவரால் முடியாது. இறக்கம் தொடங்கும் முன்பே பிரேக்கைப் பிடித்து, கால் நிதானமாகச் சுற்றும் வேகத்திலேயே இறங்குங்கள்.

நெரிசலில் முன்னால் போகும் வண்டியை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு முன்னால் போகும் வண்டியைப் பாருங்கள். ஆட்டோ ஓட்டுநர் ஓரத்தில் கைகாட்டும் பயணியைக் கண்டால் நின்றுவிடுவார். அந்தப் பயணியை அவருக்கு முன்பே நீங்கள் பார்த்துவிட்டால் காலே வேகத்தைக் குறைத்துவிடும், பிரேக் தேவைப்படாது. இந்தச் சைக்கிளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: நெருக்கடியான லாங் பஜார் ஓரத்தில்கூட ஊரின் அசைவு காலுக்குத் தெரிகிறது.

மே மாதத்தில் வெயில் 40 டிகிரி தாண்டும் ஊர் இது. காலை 8 மணிக்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள்; மாற்றுச் சட்டையை அலுவலகத்தில் வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பின்சக்கரம் எளிதில் சறுக்கும், காலை மென்மையாகவே அழுத்துங்கள். மட்கார்டு போட்டுக்கொள்ளுங்கள், அழகு குறையும் என்பார்கள், பொருட்படுத்தாதீர்கள். இருட்டிய பின் முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் கட்டாயம், தலைக்கவசம் எப்போதும்.

பராமரிப்பு

முதல் வாரம் ஓட்டிய பிறகு பூட்டுவளையத்தை மீண்டும் இறுக்குங்கள். மிதிக்க மிதிக்கப் பல்சக்கரம் இன்னும் உள்ளே இறுகும், வளையத்தில் சிறிது தளர்வு விழும். இதற்கான கொக்கி ஸ்பேனர் உள்ளூர்க் கடையில் இல்லாமல் போகலாம், நீங்களே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செயின் தேய்வதை அறிய ஓர் அடி அளவுகோல் போதும். ஒரு பின்னின் நடுவில் சுழியத்தை வைத்தால், 12 அங்குலத்தில் இன்னொரு பின் நேராக அமைய வேண்டும். அந்தப் பின் 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம்வரை விட்டுவிட்டால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், அவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.