ஒரு சோல் டூயட்டின் கதையைக் காதாலேயே தேடிப் பிடிப்பது எப்படி

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஒரு பாட்டு வகை. அதில் பழைய டூயட் ஒன்றை எடுத்து, அது எப்படிப் பிறந்தது, அப்புறம் யார் யார் அதைப் பாடினார்கள், ஒவ்வொருவரும் எதை வைத்துக்கொண்டு எதை விட்டார்கள் என்பதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் கேட்டு முடித்துவிடலாம். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் நாலைந்து பேர் கூடி இப்படிக் கேட்பது வழக்கம். எல்லாரும் எம்.எஸ்.வி., இளையராஜா கேட்டு வளர்ந்தவர்கள், ஆங்கிலப் பாட்டு என்றாலே கொஞ்சம் தள்ளி உட்காருகிறவர்களும் அதில் உண்டு. அவர்களுக்கும் பிடித்துப்போன முறை இது. இசை தெரிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை.

முதலில் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், 'எய்ன்ட் நோ மவுன்டன் ஹை எனஃப்' பாட்டில் தொடங்குங்கள் என்பேன். மார்வின் கேயும் டாமி டெரல் என்ற பாடகியும் பாடி 1967 ஏப்ரலில் வந்தது. நிக்கோலஸ் ஆஷ்ஃபோர்ட், வேலரி சிம்ப்சன் என்ற இரண்டு பேர் எழுதிய இந்தப் பாட்டு, மூன்றே வருடத்தில் அதே இரண்டு பேர் கையாலேயே வேறொரு உருவத்துக்கு மாறியது. எழுதியவர்களே தங்கள் பாட்டைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கக் கிடைப்பது அபூர்வம்.

தயாரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, பாஸ் ஒழுங்காகக் கேட்கிற ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன். செல்போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், இந்தப் பாட்டின் பாதி உயிர் கீழ் ஸ்தாயியில் இருக்கிறது, அது அதில் வரவே வராது. மெட்ரோவில் இந்திராநகரில் ஏறி எம்.ஜி. ரோட்டில் இறங்குவதற்குள் இரண்டு தடவை கேட்டுவிடலாம்தான், ஆனால் முதல் தடவை கேட்பதை அந்த இரைச்சலில் வீணாக்காதீர்கள்.

அடுத்து, சரியான பதிவைக் கண்டுபிடிப்பது. ஸ்ட்ரீமிங் ஆப்பில் பெயரைப் போட்டுத் தேடினால் ரீமாஸ்டர், ரீமிக்ஸ், கரோக்கி, யாரோ பாடிய நகல் என்று வரிசையாக வந்து நிற்கும். மார்வின் கே, டாமி டெரல் இரண்டு பெயரும் இருக்கிறதா, நீளம் ஏறக்குறைய இரண்டரை நிமிடமா என்று பாருங்கள். 'மோனோ' என்று போட்ட சிங்கிள் (ஒரு பாட்டுக்காகத் தனியாக வரும் தட்டு) பதிவு கிடைத்தால் அதையே எடுங்கள், அன்றைக்கு ரேடியோவில் ஜனங்கள் கேட்டது அதுதான். சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் பழைய ரெக்கார்டு புரட்டுகிற பழக்கம் இருந்தால், தட்டின் நடுவில் இருக்கும் லேபிளைப் படித்துப் பழகுங்கள். பாட்டின் பெயருக்குக் கீழே இருப்பது எழுதியவர்கள், வேறு இடத்தில் இருப்பது தயாரித்தவர்கள். இந்தப் பாட்டின் அமெரிக்க சிங்கிள் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியின் டாம்லா லேபிளில் 54149 என்ற எண்ணோடு வந்தது. எழுதியவர்கள் ஆஷ்ஃபோர்ட், சிம்ப்சன். தயாரித்தவர்கள் ஹார்வி ஃபுகுவா, ஜானி பிரிஸ்டல். இந்த நாலு பெயரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாசித்தவர்கள் பெயரை மட்டும் லேபிளில் தேடாதீர்கள், கிடைக்காது. மோட்டவுன் கம்பெனி தன் ஸ்டுடியோ வாத்தியக்காரர்களின் பெயரை 1971-இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் முதன்முதலாக அச்சிட்டது. அதுவரை வந்த அத்தனை ஹிட் பாட்டுகளிலும் ஃபங்க் பிரதர்ஸ் என்று அழைக்கப்பட்ட அந்தக் குழு பெயரில்லாமல்தான் வாசித்தது. எனக்கு இது இன்றைக்கும் ஆறவில்லை. நம் ஊர்ப் பட டைட்டிலிலும் இசைக்குழுவில் இருந்தவர்கள் பெயர் எத்தனை வருஷம் வராமலே இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் புரியும்.

சரி, இப்போது நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். இடது பக்கம் 'அவன்', வலது பக்கம் 'அவள்', நடுவில் 'இருவரும்'. பாட்டை ஓடவிட்டு, எந்த வரி யார் வாயில் வருகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். இந்த முதல் சுற்றில் வேறு எதையும் கவனிக்க வேண்டாம். ஒரு டூயட்டின் வரலாறு என்பது, என் அனுபவத்தில், யார் யாரிடம் பாடுகிறார்கள் என்ற கேள்வியின் வரலாறுதான். மற்ற எல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

குறிக்க ஆரம்பித்ததும் ஒன்று தெரியும். முதலில் வருவது ஆண் குரல், 'கேள்' என்று பேச்சாகவே கூப்பிட்டுவிட்டு மலை, பள்ளத்தாக்கு, ஆறு என்று அடுக்குகிறது. நான் தேவைப்பட்டால் கூப்பிடு, எங்கே இருந்தாலும் வருகிறேன் என்று பெண் குரல் வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கின் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அதில் மார்வின் கே 'கவலைப்படாதே' என்று ஒரு துண்டு வார்த்தையைச் செருகுகிறார், அவர் முடிப்பதற்கும் டாமி அடுத்த வரியை எடுப்பதற்கும் மூச்சுவிடக்கூட இடமில்லை. அந்த இடத்தை நாலைந்து தடவை பின்னால் தள்ளிக் கேளுங்கள். கேட்டுவிட்டு இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: டாமி டெரல் தன் பங்கைத் தனியாகத்தான் பாடினார், மார்வின் கேயின் குரல் பிறகு சேர்க்கப்பட்டது. வரிகளை ஒத்திகை பார்க்க நேரமில்லாமல் டாமி கொஞ்சம் பதற்றத்தோடு இருந்தார் என்றும் சொல்வார்கள். அப்போது அவருக்கு 21 வயது. ஆக, டாமி விட்ட இடைவெளியில், அவர் எதிரில் இல்லாமலேயே, பதிவைக் கேட்டுக்கொண்டே மார்வின் வந்து உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு நம் சினிமாவில் டூயட் பாடுகிறவர்கள் தனித்தனி நாளில், தனித்தனி ஊரில்கூடப் பாடுகிறார்கள். ஆனால் அறுபதுகளில் நம் ஊரில் இரண்டு பேரும் வாத்தியக் கோஷ்டியோடு சேர்ந்து ஒரே மூச்சில் பாடி முடித்தாக வேண்டும். டி.எம்.எஸ்., சுசீலா டூயட் ஒன்றைப் பக்கத்தில் போட்டுக் கேட்டுப் பாருங்கள், இரண்டு வித நெருக்கமும் காதில் பிடிபடும்.

இன்னொன்றையும் கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உன்னைப் போகவிட்ட அந்த நாளை நினைத்துப் பார் என்று ஒரு வரி வரும், அது அவன் கட்டத்தில் விழும். பாட்டில் இருக்கும் இரண்டு பேரும் ஏற்கெனவே பிரிந்தவர்கள்! தாளம் துள்ளுவதால் கல்யாண வீட்டுப் பாட்டு மாதிரி எல்லாரும் கேட்டுவிட்டுப் போகிறார்கள், இந்த வரியைக் கவனிப்பவர்கள் குறைவு.

இரண்டாவது சுற்றில் குரலை விட்டுவிட்டு பாஸை மட்டும் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை என் மனைவியின் பெரியப்பா வந்திருந்தார், சிவாஜி நகர், ஸ்ரீராம்புரம் பக்கம் கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளில் பல வருஷம் பாஸ் கிட்டார் வாசித்தவர். கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே கேட்டவர், "தம்பி, இவன் மூணாவது ஆளா நின்னு பாடுறான்யா, இன்னொரு தடவ போடு" என்றார். வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன் என்றும், அவர் வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்தே வாசித்தவர் என்றும் சொன்னபோது பெரியப்பா தன் விரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். டூயட்டை மூன்று குரலாகக் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் பழக்கமானது. கொக்கி என்ற பொருளில் ஜேமர்சனின் அந்த விரலுக்கே 'தி ஹுக்' என்று பட்டப்பெயர் இருந்தது.

இவ்வளவும் ஆன பிறகு கதையைப் படியுங்கள், முன்னால் வேண்டாம். ஆஷ்ஃபோர்டும் சிம்ப்சனும் நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு தேவாலயத்தில் 1964-இல் சந்தித்தவர்கள். மன்ஹாட்டன் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, இந்த ஊர் என்னை ஜெயிக்கக் கூடாது என்ற வைராக்கியத்தில் இந்த வரிகள் வந்ததாக ஆஷ்ஃபோர்ட் சொல்லியிருக்கிறார். பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் கேட்டும் இவர்கள் பாட்டைக் கொடுக்கவில்லை, மோட்டவுனுக்குள் நுழைவதற்கான சீட்டாக அதைக் கையில் வைத்திருந்தார்கள். வைத்திருந்தது வீண் போகவில்லை. அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை போடும் பாப் பட்டியலில் 19-ஆம் இடம், ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) பட்டியலில் 3-ஆம் இடம். ஆனால் அந்த வருஷமே அக்டோபரில் வர்ஜீனியாவில் ஒரு கல்லூரி மேடையில் பாடிக்கொண்டிருந்த டாமி டெரல் மார்வின் கேயின் கையில் மயங்கிச் சரிந்தார். மூளையில் கட்டி. அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். 1970 மார்ச்சில், 24 வயதில், இறந்துபோனார். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டால் குரலில் சோகத்தைத் தேடத் தோன்றும். தேடாதீர்கள், அந்தக் குரலில் கேட்பது சந்தோஷம்தான், அந்தச் சந்தோஷத்தை அவருக்கே விட்டுவிடுவதுதான் மரியாதை.

மறுபதிவுகளுக்கு வருவோம். 1968-இல் சுப்ரீம்ஸ் குழுவும் டெம்ப்டேஷன்ஸ் குழுவும் சேர்ந்து போட்ட ஆல்பத்தில் இது இருக்கிறது, ஒரு தடவை கேட்டுக் குறித்தால் போதும். நேரம் ஒதுக்க வேண்டியது அடுத்ததற்கு. பாடகி டயானா ராஸ், 1970, சிங்கிள் அல்ல, ஆல்பத்தில் இருக்கும் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பதிவு. இப்போது நோட்டில் எழுதிய நாலு பெயரையும் பாருங்கள், இந்தப் பதிவில் தயாரிப்பாளர்கள் இடத்தில் ஆஷ்ஃபோர்டும் சிம்ப்சனும். மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுத மட்டும் விடப்பட்டவர்கள் கையில் இப்போது முழுப் பாட்டும் வந்துவிட்டது. என்ன செய்தார்கள் என்றால், வரிகளைப் பாடவிடாமல் பேசவிட்டார்கள். நம் தொகையறா மாதிரி தாளத்துக்கு முன் வருவதல்ல இது, தாளமும் வயலின்களும் கோரஸும் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்க, அதன் மேல் மெல்லிய பேச்சு. பல்லவியைக் கடைசிப் பகுதிவரை தேக்கித் தேக்கி வைத்து, அப்புறம் ஒரேயடியாகத் திறந்துவிடுகிறார்கள். ஆர்கெஸ்ட்ரா அமைப்பு பால் ரைசர்.

மோட்டவுன் முதலாளி பெர்ரி கோர்டிக்கு இது பிடிக்கவில்லை. அந்தப் பேச்சு எதற்கு, உச்சத்தைத் தூக்கி முன்னால் வை என்றார். எழுதியவர்கள் மசியவில்லை. ரேடியோக்காரர்கள் தாங்களே வெட்டிச் சுருக்கி ஒலிபரப்ப ஆரம்பித்த பிறகுதான் சுருக்கிய சிங்கிள் வந்தது, 1970 செப்டம்பரில் முதலிடத்துக்குப் போய் மூன்று வாரம் அங்கேயே இருந்தது. நோட்டில் கட்டங்களை நிரப்பிப் பாருங்கள். எல்லாமே 'அவள்' பக்கம். உன்னைப் போகவிட்டேன் என்ற அந்த வரியும் இப்போது அவளுடையது. பதில் சொல்ல யாரும் இல்லை, கோரஸ் மட்டும்தான். என் கருத்தில் இது மறுபதிவே அல்ல, பழைய சொற்களை வைத்துக் கட்டிய இன்னொரு பாட்டு. டாமி இறந்து நான்கு மாதத்தில் சிங்கிளாக வெளியானது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் அந்த எதிர்க்குரல் இல்லாத வெறுமை கனமாகத்தான் இருக்கிறது.

இதற்குப் பிறகு வரும் எந்தப் பதிவைக் கேட்டாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது 1967-இன் பிள்ளையா, 1970-இன் பிள்ளையா? கண்டுபிடிப்பது சுலபம். பல்லவி சீக்கிரம் வந்து, தாளம் துள்ளினால் முதலாவது. பேச்சு, நீண்ட தேக்கம், கடைசியில் வெடிப்பு என்றால் இரண்டாவது. 1981-இல் வந்த இரண்டு டிஸ்கோ பதிவுகளை எடுங்கள். சான்பிரான்சிஸ்கோவின் பாய்ஸ் டவுன் கேங், டயானா ராஸின் இன்னொரு பாட்டான 'ரிமெம்பர் மீ'யோடு இதைக் கோத்துப் பாடியது, அந்தக் கோர்ப்பே தாய் யார் என்று சொல்லிவிடும். ஜாஸலின் பிரவுன் குரலில் இன்னர் லைஃப் போட்டது, டி.ஜே. லாரி லெவன் செய்த மிக்ஸில் பத்து நிமிடத்தைத் தாண்டும். தேக்கி வைக்கிற உத்தியை நடன அரங்குக்காக இழுத்து நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒன்றே போதும், சத்தமாக வைத்துக் கேளுங்கள். மைக்கேல் மெக்டொனால்ட் 2003-இல் பாடியதில் குரல் ஒன்றுதான், ஆனால் வம்சம் 1967.

கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டியது 2002-இல் வந்த 'ஸ்டாண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன்' ஆவணப்படத்தில் ஷாக்கா கானும் மான்டெல் ஜோர்டனும் பாடுவது. அதில் பின்னால் வாசிப்பவர்கள் உயிரோடு இருந்த ஃபங்க் பிரதர்ஸ், இந்தத் தடவை பெயரோடும் முகத்தோடும். ஜேமர்சன் 1983-இலேயே போய்விட்டார். மறுபடியும் இரண்டு கட்டமும் நிரம்பும், இரண்டு பேரும் ஒரே மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பாடுகிறார்கள்.

உங்கள் கூட்டத்தில் யாராவது பாடிப் பார்க்க ஆசைப்பட்டால், கரோக்கி டிராக்கில் இரண்டு பேரையும் ஒரே மைக்கில் நிறுத்தாதீர்கள். பெண் குரலை முதலில் தனியாகப் பதிவு செய்யுங்கள், இடைவெளிகளை அவர் இஷ்டத்துக்கு விடட்டும். பிறகு ஆண் பாடுகிறவர் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு தன் வரிகளைச் சேர்க்கட்டும், அந்தத் துண்டு வார்த்தைகளை எங்கே செருகுவது என்பதை அவர் விட்ட இடைவெளியே சொல்லிக்கொடுத்துவிடும். இரண்டையும் சேர்க்கும்போது பெண் குரலின் ஒலியை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்க வேண்டாம்.