கொழும்பில் தொழிற்சாலை சப்ளை செயின் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தால்

முதல் வாரமே கணினி முன்னால் ஒட்டிக்கொண்டு இருக்காதீர்கள், ஸ்டோர்ஸுக்குப் போங்கள். லொறி வந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்: பர்ச்சேஸ் ஓடரில் 500 கிலோ, இன்வொய்ஸிலும் 500, ஆனால் தராசு 480 காட்டினால் ஜிஆர்என்னில் (வந்து சேர்ந்த சரக்கைப் பதியும் சீட்டு) 480 என்றுதான் எழுத வேண்டும். டிரைவர் அவசரப்படுத்துவார், "பிறகு பார்ப்போம் தம்பி" என்பார். நான் ஒருமுறை சரி என்று கையெழுத்துப் போட்டேன். மாதக் கடைசி ஸ்டொக் கணக்கெடுப்பில் அந்தக் குறைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டி வந்தது.

அப்புறம் துறைமுகம். கப்பல் வருவதற்கு முன்பே பில் ஒஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு), இன்வொய்ஸ், பெக்கிங் லிஸ்ட் மூன்றையும் பக்கத்தில் வைத்து நிறையையும் பெட்டி எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். ஓர் எண் பிழைத்தாலும் சுங்கத்தில் திருத்துவதற்குள் நாட்கள் போய்விடும், இலவச நாட்கள் முடிந்ததும் கொள்கலனுக்கு டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கும், இந்தப் பக்கம் மெஷின் மூலப்பொருள் இல்லாமல் நிற்கும்.

எப்போது ஓடர் போடுவது? நாளுக்கு 40 கிலோ செலவாகி, சரக்கு வர 30 நாள் எடுத்தால் 1200 கிலோ, அதோடு சரக்கு பிந்தினால் சமாளிக்கக் கையிருப்புக்கு 200. ஸ்டொக் 1400-க்கு இறங்கியதும் ஓடர் போய்விட வேண்டும். போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களையும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையையும் அந்த 30-க்குள் சேர்க்க மறக்காதீர்கள்.

எக்செலில் தேடி எடுக்கும் விலுக்அப்பும் தொகுத்துக் காட்டும் பிவட்டும் தெரிந்தால் தொடங்கப் போதும். ஸ்டோர்ஸ் அண்ணாமாரோடு சிங்களத்தில் நாலு வார்த்தை பேசப் பழகுங்கள், எந்த ரெக்கில் பழைய லொட் கிடக்கிறது என்று சிஸ்டத்தைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.