சமமில்லாத மூன்று ஃபேஸ் ஹீட்டர்: வாட் கணக்கிடும் முறை

√3 × லைன் வோல்டேஜ் (இரண்டு லைன்களுக்கு நடுவிலான வோல்டேஜ்) × லைன் கரன்ட் என்ற சூத்திரம் மூன்று ஃபேஸிலும் சுமை சமமாக இருந்தால்தான் செல்லும். ஒரு எலிமென்ட் (சூடாகும் கம்பி) அறுந்தாலோ வேறு வாட்டில் மாற்றினாலோ அதை நம்பக்கூடாது. ஹீட்டர் வெறும் மின்தடை. பவர் ஃபேக்டர் 1, அதாவது வோல்ட் × ஆம்பியர் முழுவதும் வாட்டாகும். எனவே ஒவ்வொரு எலிமென்டுக்கும் எத்தனை வோல்ட் கிடைக்கிறது என்று பாருங்கள். அதன் வர்க்கத்தை ஓம் மதிப்பால் வகுத்து, மூன்றையும் கூட்டினால் மொத்த வாட்.

ஓம் அளக்கும் முன் சப்ளையை நிறுத்திப் பூட்டி, வோல்டேஜ் இல்லை என்று சோதியுங்கள். அளக்கும் எலிமென்டின் ஒரு முனையைக் கழற்றியாக வேண்டும். கழற்றாமல் டெல்டாவில் (மூன்று எலிமென்டும் லைன்களுக்கு நடுவே முக்கோணமாக இணைந்தது) அளந்தால், மற்ற இரண்டும் பக்கவழியாகச் சேர்ந்து, மூன்றும் சம ஓமாக இருந்தால் உண்மை மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் மீட்டரில் வரும். நிக்ரோம் கம்பி எலிமென்டுக்குக் குளிர்ந்த நிலை அளவு பெரும்பாலும் போதும். சிலிக்கன் கார்பைடுக்கு உதவாது, சூட்டில் வெகுவாக மாறிவிடும்.

நியூட்ரல் உள்ள ஸ்டார் (மூன்று எலிமென்டின் ஒரு முனை நடுப்புள்ளியில் சேர்ந்து, அது நியூட்ரலில் இணைந்தது) எளிது. 230 வோல்டில் 20, 15, 10 ஆம்பியர் ஓடினால் 230 × 45 = 10,350 வாட்.

டெல்டாவில் ஒவ்வொரு எலிமென்டுக்கும் முழு லைன் வோல்டேஜ். 400 வோல்டில் 6, 6, 3 கிலோவாட் எலிமென்டுகள் என்று வையுங்கள்: மொத்தம் 15 கிலோவாட், எலிமென்ட் கரன்ட் 15, 15, 7.5 ஆம்பியர். லைன் கரன்டை நேராகக் கூட்டக்கூடாது. ஒரு லைனில் சேரும் இரண்டு கரன்டுகளின் வர்க்கங்களோடு அவற்றின் பெருக்கலையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை 26, 19.8, 19.8 ஆம்பியர். கிளாம்ப் மீட்டரை ஒரே லைனில் மாட்டி √3 சூத்திரம் போட்டால் ஒரு லைனில் 18 கிலோவாட், மற்றதில் 13.7 என்று வரும். இரண்டும் தப்பு. கேபிளையும் பிரேக்கரையும் 26 ஆம்பியருக்குத் தேர்ந்தெடுங்கள்.

நியூட்ரல் இல்லாத ஸ்டார்தான் ஆபத்தானது, ஏனெனில் நடுப்புள்ளி நகர்ந்துவிடும். இதற்கு மொத்த வாட்: லைன் வோல்டேஜின் வர்க்கம் × மூன்று ஓம்களின் கூட்டல் ÷ ஓம்களை இரண்டிரண்டாகப் பெருக்கிய மூன்று பெருக்கல்களின் கூட்டல். 400 வோல்டில் 20, 20, 40 ஓம் என்றால் 1,60,000 × 80 ÷ 2,000 = 6,400 வாட். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. நடுப்புள்ளி அசையாமல் இருந்திருந்தால் 6,667. உள்ளே நடப்பதைப் பாருங்கள்: 40 ஓம் எலிமென்டுக்கு 231க்குப் (400 ÷ √3) பதில் 277 வோல்ட். 1,333 வாட் தர வேண்டியது 1,920 வாட் தருகிறது, 44 சதவீதம் கூடுதல். மற்ற இரண்டுக்கும் 212 வோல்ட்தான். குறைந்த வாட்டில், அதாவது அதிக ஓமில் மாற்றிப் போட்ட எலிமென்ட் தன் அளவுக்கு மேல் சூடாகும். ஆகவே ஒன்றை மாற்றினாலும் மூன்றும் ஒரே ஓம் மதிப்பில் இருக்க வேண்டும்.

சமமாக இருந்த செட்டில் ஒரு எலிமென்ட் அறுந்தால், டெல்டாவிலும் நியூட்ரல் உள்ள ஸ்டாரிலும் மூன்றில் இரண்டு பங்கு வாட் மிஞ்சும். நியூட்ரல் இல்லாத ஸ்டாரில் பாதிதான். டெல்டாவில் இரண்டு லைன்கள் 58 சதவீதமாக இறங்கி, மூன்றாவது மாறாமல் நிற்கும். இறங்கிய அந்த இரண்டு லைன்களுக்கு நடுவில் இருப்பதுதான் அறுந்த எலிமென்ட்.

தைரிஸ்டர் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் தந்து வாட்டைக் குறைக்கும் மின்னணு சுவிட்ச்) கட்டுப்பாடு இருந்தால், முழுதாக ஆன் ஆகியிருக்கும்போது மட்டும் அளவெடுங்கள்.