வில்லெம்ஸ்டாட் துறைமுகத்தை டைல்ஸில் வரையலாம்: ஆரம்பநிலையினருக்கு ஒரு செய்முறை

தென் அமெரிக்கக் கரைக்குச் சற்று வடக்கே, கரீபியன் கடலில் குராசாவ் என்றொரு தீவு இருக்கிறது. அதன் தலைநகர் வில்லெம்ஸ்டாட். 1634-இல் டச்சுக்காரர்கள் ஸ்பானியர்களிடமிருந்து தீவைப் பிடித்தார்கள். மறு ஆண்டே துறைமுகத்தின் வாயிலில் ஆம்ஸ்டர்டாம் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். கோட்டையை ஒட்டி வளர்ந்த பகுதிக்குப் புந்தா என்று பெயர். சின்ட் அன்னா விரிகுடா என்னும் நீர்வழி ஊரை இரண்டாகப் பிரிக்கிறது, எதிர்க்கரை ஓட்ரோபந்தா. அங்கே நின்று பார்த்தால் புந்தாவின் கரையோரத்தில் மஞ்சள், நீலம், பச்சை, செம்மண் நிறங்களில் ஒரு கட்டட வரிசை தெரியும். அதுதான் ஹாண்டல்ஸ்காடே. 1997-இல் யுனெஸ்கோ இந்த நகரை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

அந்த வரிசையை ஆறு டைல்களில் வரைந்து சுவரில் மாட்டுவதுதான் இந்தப் பதிவு. சூளை வேண்டாம், வீட்டில் கேக் சுடும் ஓவன் போதும்.

முதலில் ஒரு செய்தி, வேலைக்கு நேரடியாகப் பயன்படுவது. 1817 வரை அந்த ஊர்ச் சுவர்களுக்கு வெள்ளைச் சுண்ணாம்புதான் அடித்தார்கள். வெப்பமண்டல வெயில் அதில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. ஆல்பர்ட் கிக்கர்ட் ஆளுநராக இருந்த காலத்தில், கண்ணுக்குக் கெடுதல் என்று வெளிச்சுவரில் வெள்ளையைத் தடை செய்தார்கள். சுவர்களுக்கு நிறம் வந்தது அப்படித்தான். ஆனால் சன்னல் சட்டம், தூண், முகப்பின் விளிம்பு எல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. அந்த வெள்ளைக் கோடுகள்தான் நிறங்களைப் பிரித்துக் காட்டுகின்றன. நம் டைலும் வெள்ளை. ஆகவே சுவருக்கு மட்டும் நிறம் கொடுப்போம், வெள்ளை வேண்டிய இடத்தில் டைலை அப்படியே விட்டுவிடுவோம். வெள்ளைப் பெயின்ட் வாங்கவே வேண்டாம். படம் பளிச்சென்று வருவதும் மங்கிப் போவதும் இந்த ஒரு முடிவைப் பொறுத்தது.

என்னென்ன வேண்டும்

15 செ.மீ. சதுரத்தில் பளபளப்பான வெள்ளைச் சுவர் டைல் ஆறு. உடைந்தால் மாற்ற ஒன்றிரண்டு கூடுதலாக வாங்குங்கள். மேலே கண்ணாடி போன்ற பூச்சு உள்ள செராமிக் டைல்தான் வேண்டும். சிமெண்ட் டைல், சொரசொரப்பான தரை டைல் இரண்டும் ஆகாது.

பெயின்ட் வாங்கும்போது கவனம். சாதாரண அக்ரிலிக் வேண்டாம், நாளடைவில் உரிந்து வந்துவிடும். ஓவனில் சுட்டு இறுகவைக்கும் செராமிக் பெயின்ட் என்று கேளுங்கள். பெபியோ போர்செலைன் 150 அப்படி ஒன்று. தண்ணீரில் கரையும், 150 டிகிரியில் இறுகும். மஞ்சள் காவி, செம்மண், பச்சை, கோபால்ட் நீலம், அடர் பழுப்பு ஆகிய ஐந்து போதும்.

மற்றபடி மெல்லிய பிரஷ் ஒன்று, தட்டை பிரஷ் ஒன்று, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் வெட்டிய சிறு துண்டுகள், பல் குத்தும் குச்சி, காது குடையும் பஞ்சு, கார்பன் பேப்பர், ஸ்பிரிட்.

தாளில் வரைதல்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் தாள் எடுத்து, மேலே மூன்று, கீழே மூன்று என ஆறு கட்டம் போடுங்கள். டைல்களுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி வரும், அது படத்தின் மேல் கோடாகத் தெரியும். அந்தக் கோடு ஒரு சன்னலையோ முகப்பின் உச்சியையோ பிளந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். அதனால் இரண்டு வீடுகள் சேரும் இடத்தில் கோடு விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு டைல்களில் இரண்டிரண்டு வீடு, மூன்றாவதில் அகலமான ஒரே கட்டடம். மொத்தம் ஐந்து.

அந்த அகலமான கட்டடத்துக்குப் பென்யா மாளிகையை எடுத்துக்கொள்ளலாம். 1708-இல் எழுந்தது, இரு கரைகளையும் இணைக்கும் ராணி எம்மா பாலம் புந்தாவைத் தொடும் முனையில் நிற்கிறது. மஞ்சள் சுவரின் மேல் வெள்ளைச் சுதை வேலைப்பாடு. வெள்ளையை விட்டுவைக்கும் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் கிடைக்காது.

இரண்டு டைல் வரிசைகளுக்கு நடுவே வரும் படுக்கைக் கோடு தரைத்தளத்துக்கும் மாடிக்கும் நடுவில் விழட்டும். மேல் வரிசையில் சுமார் 4 செ.மீ. வானம், மீதி மாடிகளும் முகப்புகளும். கீழ் வரிசையில் தரைத்தளம் 6 செ.மீ., கரை 1 செ.மீ., தண்ணீர் 8 செ.மீ. எல்லா வீடுகளையும் ஒரே உயரத்தில் நிறுத்தாதீர்கள்.

முகப்புகளைப் பொறுமையாகப் பாருங்கள். டச்சு பாணி என்றாலும் எல்லாம் வெறும் முக்கோணங்கள் அல்ல. சிலவற்றில் விளிம்பு இரு பக்கமும் உள்ளே வளைந்து, வெளியே வளைந்து, மேலே ஏறி உச்சியில் ஒரு சிறு வளைவில் முடியும். அந்த விளிம்பு நெடுகிலும் விரல் அகலச் சுதைப் பட்டை ஓடும், அது வெள்ளை. பின்னால் செந்நிற ஓட்டுக்கூரை எட்டிப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர, பாதியை மட்டும் வரைந்து தாளை மடித்து நகலெடுங்கள்.

தண்ணீரில் என்ன போடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலரும் பழைய பாய்மரக் கப்பல் ஒன்றை வரைவார்கள். நான் வரைவதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி இந்தத் துறைமுகத்தை அடிமை வணிகத்தின் பெரிய கிடங்காக நடத்தியது. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்கள் வந்து இறங்கியது அப்படிப்பட்ட கப்பல்களில்தான். 1795-இல் தூலா என்பவர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அவரைக் கொடூரமாகக் கொன்றார்கள். விடுதலை வர 1863 ஆயிற்று. அந்த ஊரைக் கொண்டாடும் படத்தில் அந்தக் கப்பலை அலங்காரமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. வெனிசுலாவிலிருந்து பழமும் காய்கறியும் ஏற்றி வந்து, புந்தாவின் வேறொரு கரையில் பல காலம் கடை போட்டிருந்த சிறு படகுகள் உண்டு. அதில் ஒன்றை வரையுங்கள். மேலே ஒரு துணிக்கூரை, அடியில் ஆரஞ்சுப் புள்ளிகள், அவ்வளவுதான்.

டைலுக்கு மாற்றுதல்

டைல்களின் பின்புறம் எண் போட்டு, மேல் பக்கம் எது என்று அம்புக்குறி இடுங்கள். முன்புறத்தைச் சோப்பால் கழுவி, உலர்ந்ததும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். அதன்பின் விரல் படக்கூடாது. கைரேகை எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி நிற்கும்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் டைல் ஓவியர்கள் தாளில் கோடு நெடுகிலும் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் கட்டிய துணி முடிச்சை அதன் மேல் தட்டிப் புள்ளிகளாகப் படத்தை இறக்குவார்கள். சுடாத பூச்சின் மேல் கரித்தூள் ஒட்டிக்கொள்ளும், சூளையில் எரிந்து மறைந்துவிடும். நம் டைல் வழுவழுப்பானது, தூள் நிற்காது. எனவே கார்பன் பேப்பரை வைத்து, தாளை டேப்பால் ஒட்டி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வரையுங்கள். கோடு மங்கலாக விழுந்தால் போதும்.

வண்ணம்

ஆறு டைலையும் 2 மி.மீ. இடைவெளியில் அடுக்கிவைத்துத்தான் வண்ணம் தீட்ட வேண்டும். தனித்தனியாகத் தீட்டினால் வானத்தின் நீலம் டைலுக்கு டைல் மாறும்.

முதலில் வானம். பெரிய பரப்பில் பிரஷ் ஓட்டினால் கீற்றுக் கீற்றாகத் தெரியும். ஸ்பாஞ்ச் துண்டில் கொஞ்சம் நீலத்தைத் தொட்டு, ஒரு காகிதத்தில் ஒற்றிவிட்டு, டைலில் மெல்லத் தட்டித் தட்டிப் பரப்புங்கள். கூரைக்கு அருகே வர வர மெலிதாக்குங்கள்.

அடுத்து சுவர்கள். தட்டை பிரஷ்ஷால் ஒரே திசையில் ஒரு பூச்சு. நிறம் போதவில்லை என்று ஈரத்தின் மேலேயே மறுபடி இழுத்தால் கீழே இருப்பதும் கூடவே வந்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் இரண்டாம் பூச்சு கொடுங்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு ஒரே நிறம் வேண்டாம்.

இப்போது குச்சி வேலை. பெயின்ட் காய்ந்து, ஆனால் சுடாமல் இருக்கும் இந்த நிலையில் பல் குத்தும் குச்சியால் கீறினால் பெயின்ட் உதிர்ந்து கீழே டைலின் வெள்ளை தெரியும். சன்னல் சட்டங்கள், அடுக்குகளுக்கு நடுவே ஓடும் பட்டை, முகப்பின் சுருள் விளிம்பு, பென்யாவின் சுதைக் கொடிகள் எல்லாவற்றையும் இப்படியே கீறி எடுக்கலாம். நேர்க்கோட்டுக்கு ஸ்கேல் பிடியுங்கள்; ஸ்கேல் பெயின்ட் மேல் உராயாமல் இருபுறமும் வேறு டைல் துண்டுகளை முட்டுக் கொடுங்கள். குச்சியின் முனை மழுங்கியதும் மாற்றிவிடுங்கள், மழுங்கிய முனையால் கோடு சுத்தமாக விழாது. உதிரும் தூளை ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளுங்கள். பிரஷ்ஷால் வரைந்த வெள்ளைக் கோடு இவ்வளவு மெல்லியதாக ஒருபோதும் வராது.

சன்னல் கதவுகளுக்குப் பச்சை, கண்ணாடிக்கு நீலமும் பழுப்பும் கலந்த அடர் நிறம், கூரைக்குச் செம்மண். ஹாண்டல்ஸ்காடே மேற்கு பார்த்தது, பிற்பகல் வெயில் நேரே முகத்தில் விழும். ஆகவே நிழல் குறைவாகப் போதும். கூரை விளிம்புக்கும் வளைவுகளுக்கும் அடியில் மெல்லிய பழுப்புக் கோடு இழுத்தால் சரி.

தண்ணீருக்கு மறுபடி ஸ்பாஞ்ச், இம்முறை படுக்கைவாக்கில் சிறு சிறு தட்டல். மேலே இருக்கும் ஒவ்வொரு வீட்டின் நிறத்தையும் அதன் நேர் கீழே கொஞ்சம் தட்டி, நடுநடுவே நீலத்தைச் சேருங்கள். காய்ந்ததும் குச்சியால் சில குறுக்குக் கோடுகள் கீறினால் தண்ணீர் அசையும். தப்பாகிவிட்டதா? ஈரமாக இருந்தால் பஞ்சால் துடைக்கலாம். காய்ந்திருந்தால் வெந்நீரில் நனைத்துச் சுரண்டலாம். சுடும் வரை எதையும் திருத்த முடியும்.

சுடுதல்

டைலின் பக்கவாட்டில் வழிந்த பெயின்டைத் துடைத்துவிட்டு 24 மணி நேரம் காயவையுங்கள். அப்புறம் குளிர்ந்த ஓவனில் வைத்து 150 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். அந்தச் சூடு வந்த பிறகுதான் 35 நிமிடக் கணக்கு தொடங்கும். முடிந்ததும் அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் ஆறவிடுங்கள். திடீரென்று குளிர்ந்தால் டைல் வெடிக்கும். சூடு மிஞ்சினால் வெளிர் நிறங்கள் பழுப்பேறும், ஈரம் மிச்சமிருந்தால் குமிழ் விடும். சின்ன ஓ.டி.ஜி. ஓவன்களில் சூட்டைத் திருகிவைக்கும் பொத்தான் காட்டும் அளவை அப்படியே நம்ப முடியாது. உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. வெறும் மைக்ரோவேவ் இதற்கு உதவாது. ஆறியதும் மிஞ்சிய கார்பன் கோடுகளை ஈரத்துணியால் துடையுங்கள்.

பொருத்துதல்

12 மி.மீ. பிளைவுட் பலகையில் டைல் பசையால் ஒட்டி, மறுநாள் இடைவெளியில் கிரவுட் நிரப்புங்கள். மணல் கலக்காத கிரவுட்டாகக் கேட்டு வாங்குங்கள். மணல் இருந்தால் படத்தில் கீறல் விழும். வெளிர் சாம்பல் நிறம் கண்ணை உறுத்தாது. பலகை கனக்கும், இரண்டு கொக்கிகளில் மாட்டுங்கள். கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் ஏற்றது. குளியலறையில் தண்ணீர் அடிக்கும் சுவருக்கும் வெயிலும் மழையும் படும் வெளிச்சுவருக்கும் இது தாங்காது, அதற்குச் சூளையில் சுட்ட வேலைதான் வேண்டும்.

கை பழகியதும் ராணி எம்மா பாலத்தை வரையுங்கள். 1888-இல் முதலில் அமைத்த மிதவைப் பாலம் அது. கப்பல் வரும்போது ஒரு முனையைப் பிடித்தபடி மொத்தப் பாலமும் கதவாகத் திரும்பிக் கரையோரம் ஒதுங்கும். அடியில் மிதவைகள் வரிசையாக இருப்பதால் டைல் கோட்டில் மிதவை வெட்டுப்படாமல் கணக்குப் பண்ண வேண்டும். அதற்கு மேலே மூன்று, கீழே மூன்று என்ற அமைப்பு போதாது. நீளவாக்கில் ஒரே வரிசையாக ஐந்து டைல் வையுங்கள்.