நாயோடும் பூனையோடும் மறுபடி வேன் ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

வேனையே வீடாக்கி ஊர் ஊராகப் போகும் வேன் வாழ்க்கையை ஒருமுறை விட்டுவிட்டுச் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் தொடங்குகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். பெரும்பாலும் தென் ஆப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்து நம் ஆட்கள். பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்குக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட, வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. பழைய வேனை விற்றதற்கு வருந்தி, இன்னொன்றை வாங்கிச் சீர் செய்கிறார்கள். முன்பு கணவன் மனைவி மட்டும் போனார்கள். இப்போது பிள்ளைகள் விட்டுச்சென்ற நாயோ பூனையோ கூட வருகிறது.

வண்டியைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. சோலார் தகடு, இரண்டாவது பேட்டரி, காஸ் சிலிண்டர் எல்லாம் கணக்காக வைத்திருப்பார்கள். பிராணியைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது பாட்டுக்கு நம்மோடு வரும் அக்கா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்குக் கவலை தொடங்குவது அந்த வரியில்தான்.

தண்ணீர்க் கிண்ணம், கழுத்துப்பட்டை, படுக்கைத் துணி இவற்றை யாரும் மறப்பதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன். வீட்டில் பழக்கத்தின் பேரில் தானாக நடந்துவந்த காரியங்கள் சாலையில் தானாக நடப்பதில்லை. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் பிறக்கின்றன.

பூங்கா வாசலில் போய் நின்று கேட்பது

க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் நாய்க்கும் பூனைக்கும் அனுமதி கிடையாது. அடோ யானைப் பூங்காவிலும் கிடையாது, நம் பக்கத்து ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசியிலும் கிடையாது. வண்டியை விட்டு இறக்க மாட்டோம், கூண்டிலேயே வைத்திருப்போம் என்று சொல்லிப் பயனில்லை. வாசலில் இருக்கும் காவலர் தம் கடமையைச் செய்கிறார். வீட்டு நாய்களிடமிருந்து காட்டுநாய்களுக்கும் சிங்கங்களுக்கும் நோய் தொற்றும் என்பதும் அந்த விதிக்கு ஒரு காரணம். கேப் டவுனின் டேபிள் மவுண்டன் பூங்காவில் சில பகுதிகளில் மட்டும், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு நாயோடு நடக்கலாம்.

ஆகவே யானை பார்க்க வேண்டுமென்றால், நாயை நம்பகமான காப்பகத்திலோ உறவினர் வீட்டிலோ விட ஏற்பாடு செய்த பிறகுதான் அந்தத் திசையில் வண்டியைத் திருப்ப வேண்டும். கேரவன் பார்க்குகளிலும் இதே கவனம் தேவை. ஆண்டு முழுவதும் நாயை ஏற்கும் பல இடங்கள் டிசம்பர் விடுமுறையிலும் ஈஸ்டரிலும் ஏற்பதில்லை. பதிவு செய்யும்போதே, எந்தத் தேதிகளில் வருகிறோம் என்று சொல்லிக் கேளுங்கள்.

பயணக் களைப்பு என்று சொல்லி ஒரு நாள் பொறுப்பது

இதைத்தான் நீளமாகச் சொல்லப்போகிறேன். கோடை வந்தால் யாராவது ஒருவர் இதைச் செய்கிறார். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

நம் நாட்டில் உண்ணிக் கடியால் நாய்க்கு வரும் நோயைப் பிலியரி என்போம். பபேசியா என்ற நுண்ணுயிர் உண்ணியின் வழியாக நாயின் இரத்தத்தில் புகுந்து சிவப்பணுக்களை உடைக்கிறது. தென் ஆப்பிரிக்காவில் பரவலாக இருக்கும் பபேசியா ரோஸ்ஸி அந்த வகையிலேயே கொடியது. சிவப்பணுக்கள் உடைய உடைய ஈறு வெளிறும், காய்ச்சல் ஏறும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். சிகிச்சை தாமதமானால் சிறுநீரகமும் நுரையீரலும் மூளையும் கெடும். நேற்று மாலை வாலாட்டிய நாய் நாளை இரவு இல்லாமல் போகலாம்.

வேனில் போகிறவர்களை இந்த நோய் இரண்டு வழிகளில் ஏமாற்றுகிறது. உண்ணி கடித்து ஏறக்குறைய பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை கழித்துத்தான் நோய் வெளியே தெரியும். அதற்குள் நீங்கள் வேறு மாகாணத்தில் இருப்பீர்கள். டர்பனுக்குத் தெற்கே தென் கரையில் புல்வெளியில் ஏறிய உண்ணியின் விளைவை, புல் குறைந்த கரூ வறண்ட நிலத்தில் சந்திப்பீர்கள், "இங்கே உண்ணி ஏது?" என்று உங்கள் மனமே வாதாடும். முதல் அறிகுறி என்ன என்று பாருங்கள்: நாய் சோர்ந்து படுக்கிறது, உணவைத் தொட மறுக்கிறது. பகல் முழுவதும் வண்டியில் குலுங்கிய நாய் படுத்துக் கிடந்தால் எவருக்கும் தோன்றுவது களைப்பு என்பதே. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

டர்பனைச் சேர்ந்த ஒரு தம்பதி. முன்பு கேரவன் வைத்திருந்தவர்கள், இப்போது வேனோடு மறுபடி கிளம்பியிருந்தார்கள். கூட ஒரு கலப்பினப் பெண் நாய். போர்ட் எட்வர்ட் பக்கம் கடற்கரைப் புல்வெளியில் தங்கினார்கள். பிறகு கோக்ஸ்டாட், உம்தாதா வழியாக இறங்கி, உள்நாட்டுக்குத் திரும்பிக் கரூவுக்குள் போய்விட்டார்கள். ஒரு சனிக்கிழமை மாலை அந்த அம்மாள் எனக்குப் போன் செய்தார்.

"வண்டி ஆட்டம் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது அக்கா. காலையிலிருந்து படுத்தே கிடக்கிறாள். கோழி வேகவைத்துக் கொடுத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை."

"உதட்டைத் தூக்கி ஈறைப் பாரம்மா. என்ன நிறம்?"

"கொஞ்சம் வெளுப்பாகத்தான் இருக்கிறது. விளக்கு வெளிச்சம் சரியில்லை. காலையில் வெயிலில் பார்க்கிறேன்."

அப்போதே கிளம்பச் சொன்னேன். இருட்டில் மண் சாலை, அடுத்த ஊர் வெகுதூரம், அவர் கணவர் பகல் முழுவதும் ஓட்டிய அலுப்பில் இருந்தார். விடியட்டும் என்றார்கள். விடிந்தபோது ஈறு காகிதம்போல வெளுத்திருந்தது, சிறுநீர் கறுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கால்நடை மருத்துவரைத் தேடி இரண்டு ஊர் தாண்டிப் போனார்கள். வேறு நாயின் இரத்தம் ஏற்றி அவளைக் காப்பாற்றினார்கள். பல மாதப் பயணத்துக்கென்று ஒதுக்கிய பணம் அந்த ஒரே வாரத்தில் கரைந்தது. அங்கிருந்து நேராக டர்பனுக்குத் திரும்பிவிட்டார்கள்.

எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் வேறு. உண்ணி மாத்திரை வேனின் இழுப்பறையில் பிரிக்காமல் கிடந்தது. வீட்டில் அந்த அம்மாள் ஒரு மாதம்கூடத் தவறவிட்டவர் அல்லர். சமையலறையில் தொங்கும் கோயில் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருப்பார். அதைப் பார்த்ததும் மாத்திரை நினைவுக்கு வரும். வேனில் காலண்டர் இல்லை. சாலையில் கிழமையே மறந்துபோகிறது, தேதி எங்கே நினைவிருக்கும்?

ஆகவே மாத்திரையை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, அதைக் கொடுக்கும் நாளையும் பயணத்துக்குள் கட்டிவைக்க வேண்டும். மாதம் ஒருமுறை கொடுக்கும் வகையாக இருந்தால் பௌர்ணமியன்று கொடுங்கள். நாட்டின் எந்த மூலையில் நின்றாலும் முழுநிலா கண்ணில் படும். சிக்னல் இல்லாத இடத்திலும் தவறாது. பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்றால், அடுத்த தேதியைத் தடித்த எழுத்தில் எழுதி ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள்.

மாத்திரை இருந்தாலும் மாலை வேளையில் கையால் தடவிப் பார்ப்பதை விடாதீர்கள். காதுக்குள், கழுத்துப்பட்டைக்குக் கீழே, அக்குளில், விரலிடுக்கில், வாலடியில். உண்ணி ஒட்டியவுடனே நோயைக் கொடுத்துவிடுவதில்லை. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் இரத்தம் குடித்த பிறகே கிருமி இறங்குகிறது. அன்றாடம் பிடுங்கி எறிகிறவருக்கு அந்த இடைவெளி பெரிய பாதுகாப்பு.

நாய் ஒரு வேளை உணவை மறுத்துப் படுத்துவிட்டால் அப்போதே உதட்டைத் தூக்குங்கள். நல்ல நாளில் உங்கள் நாயின் ஈறு என்ன நிறம் என்று முன்பே பார்த்து வைத்திருந்தால்தான் வித்தியாசம் தெரியும். மலக்குடலில் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி வரை. 39.5-ஐத் தாண்டினால், எந்த நேரமானாலும் மருத்துவரை அழையுங்கள். காதோரத்தில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால், பெரும்பாலும் சில நிமிடங்களில் பிலியரிதானா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துவிடுகின்றன.

இன்னொன்றும் செய்யுங்கள். ஓர் ஊரைவிட்டுக் கிளம்பும் முன், அடுத்த ஊரிலும் அதற்கடுத்த ஊரிலும் இருக்கும் கால்நடை மருத்துவரின் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கரூவில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருப்பது சாதாரணம். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு சிற்றூர்களில் மருத்துவமனை மூடியிருக்கும்; அவசர எண் மட்டும்தான் கை கொடுக்கும்.

மாட்டு மருந்தை நாய்க்குப் போடுவது

வேண்டவே வேண்டாம். பண்ணைக் கடையில் மாடுகளுக்கு விற்கும் பிலியரி ஊசியில் இருப்பதும் நாய்க்கு மருத்துவர் போடும் அதே வகை மருந்துதான் என்று யாராவது சொல்வார்கள். அது உண்மையும்கூட. ஆனால் நாய்க்கு அதில் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. அளவு மீறினால் மூளை பாதிக்கப்படும்.

தடுப்பூசிப் புத்தகத்தை வீட்டிலேயே விட்டு வருவது

நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஓராண்டுக்குள் இரண்டாவது, அதன் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது. குவாசூலு-நடால் பல ஆண்டுகளாக நாய் வெறிநோயோடு போராடும் மாகாணம். கிழக்குக் கேப் மாகாணத்தின் டிரான்ஸ்கே பகுதி வழியாகப் போகும்போது கட்டப்படாத நாய்கள் வண்டியைச் சுற்றிக் கூடும். அவற்றோடு சண்டையிட்டு உங்கள் நாய்க்குக் காயம்பட்டால், மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான். 2024-இல் மேற்குக் கேப் கடற்கரையில் கடல்நாய்களுக்கும் வெறிநோய் இருப்பது உறுதியானது. மணலில் படுத்திருக்கும் கடல்நாயை முகர்ந்து பார்க்க நாயை விடாதீர்கள்.

உங்களையே ஏதாவது கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடமாவது கழுவி, நேரே மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோயிலிருந்து மீட்பு அநேகமாக இல்லை.

மின்விசிறியை நம்பிக் கதவைப் பூட்டுவது

காரில் நாயை விடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். வேனை மட்டும் வீடு என்று நினைத்துவிடுகிறார்கள். கூரையில் விசிறி இருக்கிறது, சுவரில் வெப்பக்காப்பு இருக்கிறது என்கிறார்கள். விசிறி வெளிக்காற்றைத்தான் உள்ளே இழுக்கும். வெளியே 34 டிகிரி என்றால் உள்ளே அதற்குக் கீழே இறங்க வழியில்லை. நாய் வியர்த்து உடலைக் குளிர்விப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது ஆவியாகும் ஈரம்தான் அதன் முக்கிய வழி. டர்பன் கோடையின் புழுக்கத்தில் அந்த ஈரம் சரியாக ஆவியாவதில்லை. அதனால் கரூவின் 36 டிகிரியைத் தாங்கும் நாய் உம்லாங்காவின் 31 டிகிரியில் மயங்கிவிடலாம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னும் மோசம்.

கடைக்கு ஒருவர் போனால் மற்றவர் நாயோடு வெளியே நிழலில் இருக்கட்டும். தனியாகப் பயணம் செய்கிறவர் விடியற்காலையில் கடைக்குப் போய் வரட்டும். பிராணியை வெயிலில் அடைத்து வதைப்பது 1962-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

மிச்சச் சோற்றைக் கொட்டுவது

வீட்டில் நாய்க்குத் தனிச் சோறு இருந்தது. வேனில் இடம் குறைவு, பாத்திரம் குறைவு, ஆகவே நம் தட்டில் மிஞ்சியது அதன் தட்டுக்குப் போகிறது. பிரியாணியிலும் பருப்பிலும் வதக்கிப் போட்ட வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். பூனைக்கு இன்னும் ஆபத்து. பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். தென் கரையிலும் ம்புமலங்காவிலும் சாலையோரப் பண்ணைக் கடைகளில் மக்கடேமியா கொட்டை மலிவாகக் கிடைக்கும். அதைத் தின்ற நாய்க்குப் பின்னங்கால் துவண்டு உடல் நடுங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறிவிடும் என்றாலும், பையை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஆட்டுப் பண்ணையருகே கயிற்றை அவிழ்ப்பது

ஆட்டை விரட்டும் நாயைப் பண்ணைக்காரர் சுட்டுவிடுவார். நரிக்கு வைத்த நஞ்சும் பொறியும் வேலியோரம் இருக்கக்கூடும்.

பாம்புக் கடிக்குக் கட்டுப் போடுவது

விரியன் கடித்தால் கட்ட வேண்டாம், கீற வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். துப்பும் நாகம் கண்ணில் நஞ்சைப் பீய்ச்சினால் நிறைய தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு மருத்துவரிடம் போங்கள்.

பெட்ரோல் நிலையத்தில் பூனைக் கூண்டைத் திறப்பது

பூனை இடத்தோடு பழகும் பிராணி. தெரியாத ஊரில் ஓடிய பூனை திரும்புவது அரிது.

இரவில் டிரான்ஸ்கேயைக் கடப்பது

என்2 சாலையில் மாடும் ஆடும் படுத்திருக்கும். பகலில் போங்கள்.

எல்லையைக் கடைசி நேரத்தில் நினைப்பது

ட்ராகன்ஸ்பெர்க் மலை வரை வந்துவிட்டோம், லெசோத்தோவை எட்டிப் பார்த்துவிடுவோம் என்று பலருக்குத் தோன்றும். நமீபியாவின் பாலைவனமும் அப்படித்தான் இழுக்கும். பாஸ்போர்ட்டோடு நீங்கள் எளிதாகப் போய்விடலாம். நாய்க்கோ நடப்பில் உள்ள வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் வேண்டும். அந்தந்த நாடு அதற்குமேல் என்ன கேட்கிறது என்பதை அரசுக் கால்நடை அலுவலகத்தில் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே விசாரித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போவதற்கான காகிதத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதே நாயை மறுபடி தென் ஆப்பிரிக்காவுக்குள் கொண்டுவரவும் காகிதம் தேவை. அதையும் அந்த மேசையிலேயே கேளுங்கள்.